மாடியைக் கட்டியவனுக்கு மாடியில் வேலை இல்லையா?

2024 பிப்ரவரியில் மத்திய அரசு, ஒரு கோடி வீடுகளின் மொட்டை மாடியில் சோலார் பேனல் அமைக்கும் 'சூர்ய கர்' திட்டத்தைத் தொடங்கியது. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 3 கிலோவாட் அமைக்கும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். வீட்டுக்காரருக்கு மானியம், விற்பவருக்கு வியாபாரம். அந்த மாடியைக் கட்டிய கொத்தனாருக்கு என்ன?

'பசுமை வேலை' என்று மேடையில் முழங்குவோர் பெரிய மின் நிலையங்களைக் காட்டுகிறார்கள். 2016இல் ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் எழுந்தபோது ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது உண்மைதான். கட்டி முடிந்த பிறகு? பேனலைத் துடைக்கக்கூட இயந்திரம் வந்துவிட்டது. நிலையான பிழைப்பு, தெருவுக்குத் தெரு உள்ள மொட்டை மாடிகளில்தான் இருக்கிறது.

ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். தளத்தில் தவறான இடத்தில் துளை போட்டால் அடுத்த மழைக்கே வீடு ஒழுகும். எங்கே பீம் ஓடுகிறது, எங்கே கம்பி இருக்கிறது என்பது கட்டியவருக்குத்தானே தெரியும்! அவருக்குத் தெரியாதது மின்சாரம். வெயில் அடிக்கும்வரை பேனலில் மின்சாரம் இருக்கும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் போகாது. பழகாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து.

பயிற்சி இல்லாமல் இல்லை. 2015இல் வந்த 'சூர்யமித்ரா' 600 மணி நேரப் பயிற்சி. ஆனால் அது ஐ.டி.ஐ. படித்தவர்களுக்காக வகுக்கப்பட்டது. எட்டாம் வகுப்போடு சாரம் ஏறியவர் எப்படிச் சேர்வார்? சேர்ந்தாலும் மூன்று மாதம் கூலியின்றி அடுப்பு எரியுமா?

பணத்துக்கும் பஞ்சமில்லை. 1996இல் வந்த சட்டத்தின் வழியே, கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்கென வசூலிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த நிதி செலவிடப்படாமல் குவிந்து கிடந்ததை 2018இல் உச்ச நீதிமன்றமே கண்டித்தது. தொழிலாளியின் பெயரால் வாங்கிய பணம் தொழிலாளிக்குத் தொழில் கற்றுத்தரட்டும்! ஊர்தோறும் தமிழில் மாலை நேர வகுப்பு, கைத்தொழில் அறிவுக்குச் சான்றிதழ், பயிற்சி நாட்களுக்குக் கூலி. இந்த மூன்றையும் நாம் கேட்டுப் பெற வேண்டும்.

எலெக்ட்ரிகல், ஹார்டுவேர் கடை நடத்தும் வணிகர்களே! பேனல் பொருத்த வெளியூர் ஆட்களை அழைக்கும்போது, கூடவே உள்ளூர்க் கொத்தனார் இருவரை அனுப்பிப் பழக்குங்கள். நாளை பழுது என்றால் ஓடி வர ஆள் இருக்கும். உங்கள் கடையின் பெயரும் நிலைக்கும்.

இளைஞர்களே! அபுதாபியில் 2010 முதல் புதிய கட்டடங்களுக்குப் பசுமைத் தர விதிகள் கட்டாயம். வளைகுடாவுக்குப் போனாலும் தொழில் தெரிந்தவனுக்கே மதிப்பு. உங்கள் மஹல்லாவில் கட்டட வேலை செய்வோர் எத்தனை பேர், அவர்களில் நல வாரியத்தில் பதிந்தவர் எத்தனை பேர் என்று இந்த வாரமே கணக்கெடுங்கள். பதியாதவரைப் பதியச் செய்யுங்கள். பட்டியல் கையில் இருந்தால்தான் அதிகாரி முன் நின்று உரிமையைக் கேட்க முடியும்!