சினை நண்டை விட்டுடுங்க சாமிகளா!

வடபழனியில உட்கார்ந்துக்கிட்டு கடல்ல மீன் பிடிக்கிறதைப் பத்திப் பதிவு போட உனக்கென்னடா தகுதின்னு கேட்பீங்க. நியாயம்தான். எங்க ஊர்ல இருக்கறது முருகன் கோயில் குளம், அதுல தூண்டில் போட்டா உதைதான் விழும். ஆனா பஸ் ஏறினா பெசன்ட் நகர் ஒண்ணும் தூரமில்லை. ராடு, ரீல், முள்ளு, ஈயக்குண்டு எல்லாம் இப்ப வீட்டு வாசலுக்கே வந்துடுது. எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்ல வீடியோக்கள் கொட்டிக் கிடக்கு. பிடிச்சதுல எதைத் திருப்பி விடணும்னு சொல்றவங்கதான் கம்மி. என்னைக் கேட்டா, பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவனுக்கு முதல் பாடமே அதுதான்.

முதல்ல நண்டு. நம்ம கரையில வலையில மாட்டுறதுல ரெண்டு வகை சுலபமா அடையாளம் தெரியும். முதுகுல மூணு புள்ளி இருந்தா முக்கண் நண்டு. நீலம் பாய்ஞ்ச நீளமான கால் இருந்தா நீலக்கால் நண்டு. முட்டுக்காடு, கோவளம் மாதிரி கழிமுகத்துல கிடைக்கிற தடிச்ச கொடுக்குக்காரர் சேற்று நண்டு. பிடிக்கிறதுக்குப் பெரிய வித்தை எல்லாம் வேணாம். மீன் தலையைக் கயித்துல கட்டி விடுங்க, கயிறு இழுபட்டா மெதுவா மேல கொண்டு வாங்க, தண்ணிக்குள்ள இருக்கும்போதே அடியில கைவலையைக் கொடுத்துத் தூக்குங்க. கையில எடுக்கும்போது பின்பக்கமா, கடைசிக் கால் பக்கம் பிடிக்கணும். கொடுக்குப் பக்கம் கை போச்சுன்னா அப்புறம் நான் பொறுப்பில்லை.

இப்ப அதைத் திருப்பிப் போட்டு வயித்தைப் பாருங்க. மடல் குறுகலா கூம்பா இருந்தா ஆண். அகலமா வட்டமா இருந்தா பெண். அந்த மடலுக்கு வெளிய பஞ்சு மாதிரி கொத்தா ஒட்டிக்கிட்டிருந்தா அதுதான் சினை. ஆரஞ்சு நிறத்துல இருந்தா இப்பதான் வெச்சிருக்கு, கருப்பா மாறியிருந்தா பொரியற நேரம் நெருங்கிடுச்சு. ஒரு நீலக்கால் நண்டு லட்சக்கணக்குல முட்டை சுமக்கும். அதுல பெரிசாகறது ஒரு சில நண்டுதான்.

"சினை நண்டுதாங்க ருசியே"ன்னு சண்டைக்கு வர்றவங்களுக்கு ஒரு விஷயம். நீங்க ருசின்னு சொல்றது ஓட்டுக்கு உள்ள இருக்கிற ஆரஞ்சுக் கட்டி. அது இன்னும் வெளிய வராத கரு. வெளிய ஒட்டியிருக்கற பஞ்சை முக்கால்வாசி வீடுகள்ல கழுவும்போதே பிய்ச்சுக் குப்பையிலதான் போடறாங்க. குப்பைக்குப் போறதைக் கடலுக்கு விட்டா என்ன குறைஞ்சு போச்சு? அதே மாதிரி உள்ளங்கை அகலம் கூட இல்லாத பொடிசையும் விட்டுடுங்க. ஓடு உரிச்சு மெத்துன்னு இருக்கறதும், தூக்கினா லேசா இருக்கறதும் சதை வைக்காத நண்டு, கொதிக்க வெச்சா தண்ணிதான் மிஞ்சும்.

"விசைப்படகுக்காரன் டன் கணக்குல அள்றான், நான் விடற ஒரு நண்டாலயா கடல் நிறையப்போகுது?" இதுதான் அடிக்கடி கேக்கற வாதம். சரி, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நம்ம கிழக்குக் கரையில மீன்பிடித் தடைக்காலம் 2001-ல 45 நாளா ஆரம்பிச்சுது. 2017-லிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். ரெண்டு மாசம் விசைப்படகு கரையில நிக்குது. அந்தத் தொழிலை நம்பி இருக்கறவங்க வருமானம் இல்லாம காத்துக்கிட்டு இருக்காங்க. மாசச் சம்பளம் வாங்கிக்கிட்டு ஞாயித்துக்கிழமை ஜாலிக்குப் போற நாம ஒரு நண்டை விடமாட்டோம்னா அது என்ன நியாயம்? குப்பத்துக்காரங்களுக்கு அது சோறு. நமக்கு அது பொழுதுபோக்கு. அவங்க வலை இழுக்கற இடத்துலயும் படகு ஏத்தற இடத்துலயும் தூண்டிலை வீசாதீங்க. "அண்ணே, இங்க போடலாமா?"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அப்படியே கடல் இன்னைக்கு எப்படின்னும் அவரே சொல்லிடுவார்.

அடுத்து இடம். அலை உடையற வெள்ளை நுரைக்கு நடுவுல, நுரையே இல்லாம கொஞ்சம் கருத்துத் தெரியற பாதை இருக்கும். அங்க பள்ளம் ஜாஸ்தி, இறாலைக் கோத்துப் போட்டா கிழங்கான் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆனா கடல் திரும்ப உள்ள இழுக்கறதும் பெரும்பாலும் அதே பாதையிலதான். தூண்டில் போகலாம், கால் போகக்கூடாது. பெசன்ட் நகர்ல வெள்ளையா நிக்குதே ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930-ல கடல்ல மூழ்கினவங்களைக் காப்பாத்தப் போய் உயிரை விட்ட டென்மார்க்காரருக்காகக் கட்டினது. அதன் நிழல்ல சுண்டல் சாப்பிடறோம், அது ஏன் அங்க நிக்குதுன்னு யோசிக்கறதில்லை.

கெளுத்தி மாட்டினா முதுகு முள்ளும் பக்க முள்ளும் விஷம். திருக்கைக்கு வால்ல முள்ளு. குத்திட்டா, பொறுக்கற அளவு சூடான தண்ணியில முக்கி வெச்சுட்டு டாக்டரைப் பாருங்க. பலூன் மாதிரி உப்பற பேத்தையை வீட்டுக்குக் கொண்டு போகவே போகாதீங்க, அதோட விஷம் சமைச்சாலும் போகாது. கூவம், அடையாறு முகத்துல பிடிச்சதைச் சாப்பிடறதும் வேணாம், அதுல கலக்கறது என்னன்னு ஊருக்கே தெரியும்.

கடைசியா நரம்பு. சிக்கிப்போச்சுன்னு அறுத்து மணல்ல வீசிட்டு வர்றீங்களே, அந்த நைலான் லேசுல மக்காது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பங்குனி ஆமைங்க ராத்திரியில இதே கரைக்குத்தான் முட்டையிட வருது. 2025 ஜனவரியில செத்து ஒதுங்கின ஆமைங்க நூத்துக்கணக்குல. அதுக்கு விசைப்படகு வலையைத்தான் பெருசா காரணம் சொன்னாங்க. நம்ம பங்குக்கு நாமளும் கழுத்துல சுருக்கு மாட்டி விடணுமா? பாக்கெட்டுல சுருட்டி வெச்சுக்கிட்டு வாங்க, ஒரு கைப்பிடி கூட வராது.

டிஸ்கி: நான் சைவம் இல்லை. மிளகு தட்டிப்போட்ட நண்டு ரசத்துக்குச் சொத்தை எழுதிக் கொடுக்கற ஜாதி. அடுத்த வருஷமும் அந்த ரசம் வேணும்கிற சுயநலத்துலதான் இவ்வளவும் சொல்றேன். ஆட்டோ அனுப்பாம, உங்க ஊர்ல எந்த நண்டுக்கு என்ன பேருன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.