பத்து வருடத்தில் பதின்மூன்று வயது கூடிய தாத்தா!

டப்ளினில் நர்ஸாக இருக்கும் என் மகள் போன மாதம் வீடியோ காலில் வந்தாள். "அம்மா, பாப்பா ஸ்கூல்ல ஃபேமிலி ட்ரீ கேக்கறாங்க. நம்ம பக்கம் நீ சொல்லு. அவர் பக்கம் நாங்க தேடிக்கறோம்" என்றாள். மருமகன் அயர்லாந்துக்காரர்.

அவர் பக்கம் தேடுவது சுலபம். 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை அந்த நாட்டுத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. வீட்டில் இருந்தவர்களின் பெயர், வயது, தொழில், எழுதப் படிக்கத் தெரியுமா என்பது வரை அதில் உண்டு. மருமகன் அவற்றைப் பார்த்து, 'கிராம்ப்ஸ்' என்ற இலவச மென்பொருளில் பதியத் தொடங்கினார்.

சிக்கல் எள்ளுத்தாத்தாவிடம் வந்தது. 1901-ல் அவருக்கு வயது 58. 1911-ல் 71! "பிந்தைய படிவம்தான் சரியாக இருக்கும்" என்று மருமகன் 58-ஐ அழித்துவிட்டு, பிறந்த ஆண்டு 1840 என்று போட்டுவிட்டார்.

மகளுக்கு மனம் ஒப்பவில்லை. தேடிப் படித்தபோது விஷயம் புரிந்தது. 1908-ல் முதியோர் பென்ஷன் சட்டம் வந்து, 1909 ஜனவரி முதல் 70 வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை கொடுத்தார்கள். அயர்லாந்தில் எல்லோருடைய பிறப்பையும் பதியத் தொடங்கியதே 1864-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் ஏது? அதனால் 1911 படிவங்களில் பலருக்கு வயது திடீரென்று எகிறியிருக்கிறது. நம் தாத்தாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக இருக்கலாம். அப்படியானால் மருமகன் அழித்ததுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்த வயது!

அதே 1911 படிவத்தில் இன்னொன்றும் இருந்தது. திருமணமான பெண்களிடம், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். எள்ளுப்பாட்டியின் பதில்: 9, 7. குடும்பத்துக்குத் தெரிந்தது ஏழு பேர்தான். மீதி இரண்டு குழந்தைகளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. பெயர் இல்லாததால் மென்பொருளில் எங்கே போடுவது என்று தெரியாமல் மருமகன் விட்டுவிட்டிருந்தார். இப்போது அதைக் குறிப்பாக எழுதிவைத்து, பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளில் தேட ஆரம்பித்திருக்கிறார்.

நான் கற்றுக்கொண்டது இதுதான். கணக்கெடுப்புத் தகவலைத் திருத்தாதீர்கள்; எழுதியிருப்பதை அப்படியே பதியுங்கள். ஒரு வீட்டுப் படிவத்தை, தேதியும் ஊரும் போட்டு, ஒரே 'நிகழ்வாக' ஏற்றி, அந்த வீட்டில் இருந்த எல்லோரையும் அதோடு இணையுங்கள். வயதை அந்த நிகழ்வின் கீழ் எழுதுங்கள். பிறந்த ஆண்டை '1843 வாக்கில்' என்று போட்டால் போதும். படிவத்தின் படத்தையும் சேர்த்துவிடுங்கள். இரண்டு படிவம் முரண்பட்டால் இரண்டுமே இருக்கட்டும். நாளைக்கு வருகிறவர்கள் பார்த்து முடிவு செய்வார்கள்.

நம் ஊரில் தனிநபர் படிவங்களைப் பார்க்க முடியாது. 1948-ன் சட்டப்படி அவை ரகசியம். ஆனால் ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி., கல்யாணப் பத்திரிகை எல்லாம் பீரோவில் இருக்கின்றனவே! டி.சி.யில் ஒரு பிறந்த தேதி, ஜாதகத்தில் ஒரு பிறந்த தேதி என்று எத்தனை வீட்டில்! இரண்டையும் எழுதிவையுங்கள். எது எதில் இருந்தது என்பதையும் எழுதுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், "உங்கம்மாவுக்கு மொத்தம் எத்தனை பிள்ளைங்க?" என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். நான் என் பெரியம்மாவிடம் கேட்டேன். "தங்கினது அஞ்சு" என்று ஆரம்பித்தவர், சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு ஒரு பெயரைச் சொன்னார். இந்த வயதில்தான் அந்தப் பெயரை நான் முதல்முறையாகக் கேட்கிறேன்.