'கைவினை' என்னும் பெயர் யாருக்கு உரியது?

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு இந்திய நகரங்களில் பீர் என்றால் பெரும்பாலும் வெளிர்மஞ்சள் லாகர்தான். 2010-இல் பெங்களூரு இந்திராநகரில் டாய்ட் திறக்கப்பட்டது; 2015-இல் பீரா 91 சந்தைக்கு வந்தது. இன்று கோதுமை பீர், ஸ்டவுட், ஐபிஏ, பழச்சுவை ஏல் என மதுவகப் பட்டியல்கள் நீள்கின்றன. பீரின் முகமும் மாறிவிட்டது. குடியின் அடையாளமாக இருந்தது ரசனையின் அடையாளமாகியிருக்கிறது. இம்மாற்றத்தில் 'கிராஃப்ட்', அதாவது கைவினை, என்னும் சொல்லுக்குப் பெரும்பங்கு உண்டு.

ஆனால் பன்மையும் கைவினையும் இந்நாட்டுக்குப் புதியவை அல்ல. ஜார்க்கண்டில் சந்தால், முண்டா, ஓராவோன் பெண்கள் ஆறிய சோற்றில் 'ரானு' என்னும் மூலிகை கலந்த அரிசிமாவு உருண்டையைச் சேர்த்து, பானையில் சில நாள் நொதிக்கவிட்டு ஹண்டியா செய்கின்றனர். அசாமின் மிசிங் மக்கள் வைக்கோல், உமி ஆகியவற்றின் சாம்பல் சேர்த்துக் கருநிற ஆபோங் செய்கின்றனர். பார்லி பீரில் முளைதானியத்தின் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன. இங்கே அந்த வேலையை உருண்டையிலுள்ள பூஞ்சைகள் செய்கின்றன. தானியத்தை நொதிக்க வைத்து, காய்ச்சி வடிக்காமல் அருந்தும் பானம் பீர் எனில், இவையும் பீரே.

எனினும் பேச்சு வழக்கில் இவற்றுக்குக் கிடைப்பது 'நாட்டுச் சரக்கு', 'சாராயம்' போன்ற பெயர்கள். சாராயம் காய்ச்சி வடிப்பது, ஹண்டியா அப்படியன்று. இப்பிழையைச் சொற்குழப்பம் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. பானத்தின் பெயர் அதைச் செய்பவரின் தகுதியையும் தீர்மானிக்கிறது. நகரத்தில் செய்பவர் உரிமம் பெற்ற தொழில்முனைவோர். வாரச்சந்தையில் விற்கும் பெண்ணோ மீட்கப்பட வேண்டியவர். 2020-இல் ஜார்க்கண்ட் அரசு தொடங்கிய ஃபூலோ-ஜானோ ஆசீர்வாதத் திட்டம், ஹண்டியாவும் மதுவும் விற்கும் பெண்களை வேறு தொழிலுக்கு மாற்ற முனைகிறது.

அத்திட்டத்தின் அக்கறையைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. வறுமையால் இத்தொழிலுக்கு வந்து, அதைவிட்டு வெளியேற விரும்பும் பெண்களுக்கு வழி வேண்டும். குடி குடும்பங்களைச் சிதைப்பதும் உண்மை. ஆனால் அந்தக் கேடு ஹண்டியாவுக்கு மட்டும் உரியதன்று. கண்ணாடிக் கோப்பையில் வரும் ஏலுக்கும் அதே அளவுகோல் பொருந்தும்.

வேறு வழியும் உண்டு. அசாமின் திமாசா மக்களுடைய அரிசி மதுவான ஜூதிமா 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு பெயரைக் காக்கும். வருவாய்க்கு அது மட்டும் போதாது. தொழிலில் தொடர விரும்பும் பெண்களின் குழுக்களுக்குச் சிறிய அளவிலான உரிமம், தரச்சோதனை, நியாயமான விற்பனையிடம் ஆகியவையும் வேண்டும். நகரத்து மதுவடிப்பகங்களுக்கெனத் தனிவிதிகளை வகுக்க முடிந்த நாட்டில், இது இயலாத செயலன்று. அதுவரை பீரின் பன்மை குறித்த கொண்டாட்டம் பாதி உண்மையாகவே இருக்கும்.