எட்டில் ஒன்று பொய் சொல்கிறது

ஈக்காட்டுத்தாங்கலில் பழுது பார்க்கும் கடையொன்றில், எங்கள் நண்பரின் பழைய கணிப்பொறிக்கு ஒரு நிமிடத்தில் தீர்ப்பு எழுதப்பட்டது: "மெமரி போச்சு சார், காயலான் கடையில போட்டுடுங்க." பெட்டியைத் திறக்கவே இல்லை. 1980-களின் பிற்பாதியில் டெசிபெல்ஸ் நிறுவனம் விற்ற 'டிபி ஸ்பெக்ட்ரம்' அது; 1982-இல் இங்கிலாந்தில் வெளிவந்த சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தின் இந்திய வடிவம். மறைந்த தந்தையார் அதில் தமிழ் எழுத்துகளை வரைந்து வைத்திருந்தார். பயனர் வரையக் கிடைக்கும் குறிகள் இருபத்தொன்றே. அவற்றுக்குள் தமிழை அடக்க அவர் பட்டபாடு முழுதும் ஒலிநாடாக்களில் இருந்தது. ஏற்ற முயன்றால் இடமில்லை என்று கணிப்பொறி மறுத்தது.

'நினைவகம் போச்சு' என்பது நோய்க்குறிப்பு அன்று, சோம்பல். இன்னொரு அன்பர், எட்டுச் சில்லுகளையும் ஒரேயடியாக மாற்றிவிடலாம் என்றார். இதுவும் சோம்பலே, சற்று உழைப்புள்ள சோம்பல். சில்லுக்குப் பதினாறு கால்; நூற்று இருபத்தெட்டுத் துளைகளில் ஈயத்தை உருக்கி எடுப்பதற்குள் பலகையின் செப்புத் தடங்கள் உரிந்து வந்துவிடும். நோயாளி பிழைத்தாலும் நோய் எதுவென்று யாருக்கும் தெரியாது.

கேட்டால் கணிப்பொறியே சொல்லும். 23732, 23733 ஆகிய முகவரிகளில், நல்ல நினைவகத்தின் எல்லையை அது குறித்து வைக்கிறது. 48 கே நலமென்றால் 65535 என்று வர வேண்டும். நண்பருடையது 32767 என்றது. மேற்பகுதி 32 கே-யைத் தானே ஒதுக்கிவிட்டு, குறையைச் சொல்லாமல், 16 கே-யோடு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து, 40000-ஆம் முகவரியில் சுழியத்தை எழுதிப் படித்தோம். 8 வந்தது. வேறு முகவரிகளிலும் அதே எட்டு. ஒவ்வொரு பைட்டின் எட்டு பிட்டுகளும் எட்டுத் தனித்தனிச் சில்லுகளில் வாழ்கின்றன. 1, 2, 4, 8 என்ற வரிசையில் நான்காவது சில்லு மட்டும் எப்போதும் 'ஒன்று' என்றே சாதிக்கிறது. மற்ற ஏழும் நிரபராதிகள்.

(திரையே கோடும் கட்டமுமாகச் சிதறினால் கதை வேறு. திரை கீழ்ப்பகுதி 16 கே-யில் இருக்கிறது. அங்குள்ள 4116 சில்லுகளுக்கு +12, +5, −5 என மூன்று மின்னழுத்தம் வேண்டும். −5 நின்றுபோயிருந்தால் புதிதாய்ச் செருகும் சில்லும் சாகும். மல்டிமீட்டரை எடுக்காமல் சூட்டுக்கோலை எடுப்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.)

எங்களைச் சினங்கொள்ள வைப்பது வேறொன்று. இக்கணிப்பொறியின் மேற்பகுதியில் பெரும்பாலும் இருப்பவை, ஒரு பாதி பழுதான 64 கே சில்லுகள். எந்தப் பாதி நல்லதென்று சோதித்து, அதை 32 கே என்று மலிவாக விற்றார்கள். சின்க்ளேர் வாங்கிப் பொருத்தினார். பழுதைத் துல்லியமாய்க் கண்டறிந்ததால் பிறந்த பொருளை, பழுதைக் கண்டறியச் சோம்பிக் குப்பையில் எறிகிறோம்! ஆடிப்பெருக்கில் ஏடுகளை ஆற்றில் விட்டவர்களை உ.வே.சா. வழி அறிந்து 'ஐயோ' என்ற நாம்தான், 2015 டிசம்பரில் அடையாறு வீட்டுக்குள் புகுந்து வடிந்த பின், நனைந்த பெட்டிகளைத் திறந்தும் பாராமல் தெருவில் குவித்தோம். ஓர் எழுத்தைச் செல்லரித்த ஏட்டை நீரில் விடுபவனைப் பதிப்பாசிரியன் என்போமா?

சோதனை ஒரு மாலைப் பொழுதில் முடிந்தது. நான்காம் சில்லின் கால்களை வெட்டி எடுத்து, அவ்விடத்தில் சாக்கெட் வைத்துப் புதியதைச் செருகினோம். 65535 வந்தது. நாடாக்களில் இரண்டு ஏறின. திரையில் 'ழ' சற்றே கோணலாக நின்றது. மூன்றாவது நாடாவில் பூஞ்சை. அதை இன்னும் சுத்தம் செய்துகொண்டிருக்கிறோம்.