குழாயில் ஒரு ‘சுருக்’

அடுத்த வீட்டு மாமியின் பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பிள்ளைத்தாய்ச்சி வெந்நீருக்குக் காத்து நிற்கலாமா? பரணில் கிடந்த பழைய கீஸரை இறக்கி, ஸ்நான அறையில் மாட்டச் செய்தார் மாமி.

அன்று முதல் ஒரு தொல்லை. கீஸரைப் போட்டால் வீடு முழுவதும் இருண்டுவிடும். ஓர் எலெக்ட்ரீஷியன் வந்தார். மெயின் பெட்டியைத் திறந்து ஏதோ கம்பியை மாற்றிப் போட்டார். அப்புறம் விளக்கு அணையவே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை என்று காப்பி கொடுத்து அனுப்பினார் மாமி.

இரண்டு நாள் கழித்து என்னிடம் சொன்னார்: “ஏண்டியம்மா, குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது. ஈரக் கை, அதனால்தான் இருக்கும்!”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “முதலில் மெயினை அணையுங்கள், மாமி!” என்றேன்.

அனுபவமுள்ள வேறொருவர் வந்து பார்த்தார். கீஸருக்குள் இருந்த சூடேற்றும் கம்பியின் உறை வெடித்து மின்சாரம் கசிந்திருக்கிறது. எர்த் குழியோ வறண்டு கிடந்தது. போதாக்குறைக்கு, முன்னவர் ‘ஆர்.சி.சி.பி.’ என்ற காவல் கருவியை விலக்கிவிட்டு நேராக இணைப்புக் கொடுத்திருந்தார்!

பால்காரர் கணக்கை நாம் சரிபார்ப்பது போல, போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமா என்று ஓயாமல் பார்ப்பது இந்தக் கருவி. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். மாமி வீட்டில் விளக்கை அணைத்து அது எச்சரித்தது. நாம் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

“எம்.சி.பி. இருக்கிறதே?” என்றார் மாமி. அது கம்பிக்குக் காவல், நமக்கு அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. அந்த அளவுக்குமேல் போனால்தான் விழித்துக்கொள்ளும். உடம்பில் பாய்வது ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கானாலே உயிர் போய்விடலாம்.

கீஸர் மாட்டும் சகோதரிகள் கவனிக்க வேண்டியவை சில. 2,000 வாட் கீஸர், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். ஆகவே அதற்கென்று தனி இணைப்பு வேண்டும், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பி, 16 ஆம்பியர் பிளக்கு. பிளக்கில் தடித்து நீண்டிருக்கும் முள்தான் எர்த். அதை ஒருபோதும் வெட்ட விடாதீர்கள். சுவிட்ச், குளிப்பவர் கைக்கு எட்டாமல் அறைக்கு வெளியே இருக்கட்டும். ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று ஒரு பொத்தான் உண்டு. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நின்றால் கருவி சரியாக இருக்கிறது. நிற்காவிட்டால் உடனே மாற்றுங்கள்.

புதுக் கீஸர் வரும்வரை மாமி வீட்டில் அடுப்பு வெந்நீர்தான். “மாதாமாதம் எனக்கு நினைவிருக்குமா?” என்று யோசித்தவர், வழியும் கண்டுபிடித்துவிட்டார். இனி அமாவாசைதோறும், வாசலில் கோலம் போடாத அந்தச் சில நிமிஷத்தில், பொத்தானை அழுத்தப் போகிறாராம்!