கிளிக்கி பேசினா காட்டுமிராண்டியா?

புதுசா ஒரு மொழியை உட்கார்ந்து உருவாக்குறது வேலையத்த வேலைன்னுதான் நிறைய பேர் நினைக்கிறாங்க. "இருக்கிற தமிழையே ஒழுங்கா பேசக் காணோம், இதுல புதுசு வேறயா?"ன்னு ஒரு கேள்வி கட்டாயம் வரும்.

ஆனா மக்களே, இந்த வேலையைக் கொஞ்சமாவது செய்யாதவங்க யாரு? ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாடியும் 'க' சேர்த்து "கநீ கவா"ன்னு 'க' பாஷை பேசித்தானே வளர்ந்தோம்? பொற்கொல்லர்கள் தங்களுக்குள்ள பொன்னைப் 'பறி'ன்னு சொல்லிக்குவாங்க, அது குழூஉக்குறின்னு பள்ளிக்கூட இலக்கணத்துல படிச்சது ஞாபகம் இருக்கா? (காமர்ஸ் படிக்கிறவனுக்கு மொழியில என்ன வேலைன்னு கேக்குறவங்களுக்கு இதுதான் பதில். வியாபாரம் இருக்கிற இடத்துல ரகசிய பாஷையும் இருக்கும் :-))

இதெல்லாம் இருக்கிற மொழியைத் திருகுறது. இலக்கணத்தோட முழுசா ஒண்ணைச் செய்யுறது வேற கதை. நமக்குத் தெரிஞ்ச பெரிய உதாரணம் கிளிக்கி. 2015-ல வந்த 'பாகுபலி' படத்துல காலகேயர்கள் பேசுறதுக்காக மதன் கார்க்கி உருவாக்கினது. சுமார் 750 சொற்கள், 40 இலக்கண விதிகள். 'மின்'னா நான். அதையே திருப்பிப் போட்டு 'நிம்'னா நீ. நானும் நீயும் ஒரே சொல்லோட ரெண்டு பக்கம்! சின்ன விஷயம்தான், ஆனா எவ்வளவு அழகு.

என் வருத்தம் மொழி மேல இல்ல, அதை யார் வாயில வெச்சாங்கங்கிறதுல. கறுப்பு பூசின உடம்பு, உருட்டுற கண்ணு, கூடவே புரியாத மொழி. மூணும் சேர்ந்தா 'இவன் காட்டுமிராண்டி'ன்னு நமக்குச் சொல்லாமலே புரிஞ்சிடுது. 40 விதி போட்டுக் கட்டின மொழி, கடைசியில வெறும் மிரட்டுற சத்தமாத்தான் நம்ம காதுல விழுந்துச்சு.

சினிமாதானேன்னு விட முடியல. ஏன்னா அதே காதோடதான் தெருவிலயும் நடக்குறோம். எங்க ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டுல ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன்னு எல்லாம் கேக்கும். ஒரு வார்த்தை புரியாட்டாலும் "என்னமா பேசுறாங்க"ன்னு நின்னு பார்ப்போம். அதே பாதையில பாசிமணி விக்கிற நரிக்குறவங்க தங்களுக்குள்ள பேசினா? "காச்சு மூச்சு"ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுவோம். அவங்க பேசுறது வாக்ரிபோலி. குஜராத்திக்கு உறவுக்கார மொழி, தனக்குன்னு எழுத்து கிடையாது. வீட்டுல அதைப் பேசி, வெளியில நம்மகிட்ட தமிழ்ல பேரம் பேசுறாங்க. நமக்கு அவங்க மொழியில ஒரு சொல் தெரியாது. சினிமா காமெடி சொல்லிக்கொடுத்த "சாமியோவ்" மட்டும்தான் தெரியும். இதுல யாருக்குப் பாஷை தெரியலைன்னு நீங்களே சொல்லுங்க.

மொழியை உருவாக்குறவங்க நினைச்சா இந்தக் காதையே மாத்தலாம். ரஷ்யர், போலந்துக்காரர், ஜெர்மானியர், யூதர்னு ஆளுக்கொரு மொழி பேசி முறைச்சுக்கிட்ட பியாலிஸ்டாக் ஊர்ல பிறந்தவர் சாமன்ஹாஃப்ங்கிற கண் டாக்டர். எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னு 1887-ல எஸ்பெராண்டோவை வெளியிட்டார். 'ஸ்டார் ட்ரெக்'ல முரட்டு எதிரிகளுக்காக மார்க் ஓக்ராண்ட் உருவாக்கின கிளிங்கானுக்கு 1985-ல அகராதியே வந்துச்சு. ரசிகர்கள் அதைப் படிச்சு, ஷேக்ஸ்பியரோட 'ஹாம்லெட்'டையே அதுல மொழிபெயர்த்தாங்க. வில்லன் மொழிக்கும் கவிதை தாங்குற தெம்பு இருக்குன்னு காட்டிட்டாங்க.

கிளிக்கிக்கும் அந்த வழி திறந்துதான் இருக்கு. 2020 பிப்ரவரி 21, உலகத் தாய்மொழி நாள் அன்னைக்கு, தனி எழுத்தோட, யார் வேணும்னாலும் கத்துக்கலாம்னு கார்க்கி அதை வெளியிட்டார். காலகேயன் கையில இருந்து மொழி தப்பிச்சு வந்துடுச்சு!

அதனால மொழி உருவாக்குறது வெட்டி வேலைன்னு நான் ஒத்துக்க மாட்டேன். புரியாத சத்தத்துக்குள்ளயும் இலக்கணம் இருக்கு, 'நான்', 'நீ' இருக்குன்னு இதைவிட எளிமையா யாரும் சொல்லித்தர முடியாது. கிளிக்கியில பத்து சொல் கத்துக்க ஆசைப்படுறவங்க தாராளமா கத்துக்கோங்க. கூடவே, அடுத்த தடவை பாசிமணி வாங்கும்போது "இதுக்கு உங்க பாஷையில என்னக்கா பேரு?"ன்னும் கேளுங்க. அந்த மொழியை யாரும் படத்துக்காக உருவாக்கல. அதைப் பேசித்தான் அவங்க பிள்ளைங்களைத் தூங்க வெக்கிறாங்க.