சீட் பெல்ட் மாட்டுவதற்குள்...

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னி என்றொரு தீவுக் கூட்டம். அங்கே வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு குட்டித் தீவுகள். இரண்டுக்கும் நடுவே 1967 முதல் லோகன்ஏர் விமானம் விடுகிறது. தூரம் 2.7 கிலோமீட்டர். நம்ம ஊர்க் கணக்கில், கடற்கரை காந்தி சிலையிலிருந்து ஏறக்குறைய புது பஸ் ஸ்டாண்டு! டைம்டேபிளில் 2 நிமிஷம். ரெக்கார்டு 53 செகண்ட். இங்கே சிக்னலில் பச்சை விழுவதற்குள் அங்கே ஆள் இறங்கி வீட்டுக்கே போய்விடுவார். ஏர்ஹோஸ்டஸ், காபி எல்லாம் கிடையாது. பைலட்டுக்குப் பக்கத்து சீட்டிலும் பயணிதான்.

8 பேர் உட்காரும் விமானம். கட்டுப்படியாகுமா? பி.காம். புத்தி அங்கேதானே போகும்! கட்டுப்படியாகாது. அரசாங்க மானியத்தில்தான் ஓடுகிறது. பாப்பா வெஸ்ட்ரேயில் மொத்தமே நூறு பேர் தேறினால் அதிகம். அதற்காக டாக்டரும் டீச்சரும் வராமல் இருக்க முடியுமா?

நம்ம லாஸ்பேட்டை கதை தெரியுமில்லையா? 2013-ல் பெங்களூர் விமானம் வந்தது; நின்றது. 2017-ல் ஹைதராபாத் விமானம் வந்தது. 2024 மார்ச்சில் அதுவும் நின்றது. அந்த டிசம்பரில் வேறொரு கம்பெனி வந்தது.

யோசித்தால் புதுச்சேரி மாநிலமும் தீவுக் கூட்டம்தான். சுற்றிலும் கடலுக்குப் பதில் அடுத்த மாநிலம், அவ்வளவே. மாஹே 600 கிலோமீட்டருக்கு மேல். ஏனாம் 800-க்கும் மேல். தலைமைச் செயலகத்தில் ஒரு கையெழுத்து வாங்க ராத்திரி பூரா ரயிலில் உட்கார்ந்து வருகிற ஏனாம்காரரிடம் தயவுசெய்து அந்த 53 செகண்ட் சமாசாரத்தைச் சொல்லிவிடாதீர்கள்!